ரிஜ்வான் கடையின் சிவப்பு ஸ்டிக்கர்

புதுவாயல் கூட்டு ரோட்டில் பொம்மைக் கடை வைத்திருக்கும் ரிஜ்வானுக்கு வயது முப்பத்தாறு. ஆனால் பயப்படுவதில் நாலு ஆயுசுக்கான அனுபவம் உண்டு. பல்லிக்குப் பயம். சுவிட்ச் போர்டுக்குப் பயம். ஹைவேயில் டேங்கர் லாரி ஹாரன் அடித்தால் கடைக்குள் இருந்தபடியே காலைத் தூக்கிக்கொள்வான். எல்லாவற்றுக்கும் மேலாகத் தும்மல். யாராவது மூக்கை லேசாகச் சுளித்தாலே போதும், கல்லாவை விட்டு இரண்டடி பின்னால் போய், தொங்கும் பலூன் பாக்கெட்டுகளுக்கு நடுவே முகத்தை ஒளித்துக்கொள்வான்.

கம்பெனி ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. வாசலில் வந்து நின்று வேண்டுமென்றே தும்முவார்கள். ரூபாய் நோட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "வாங்கிக்கோ பாய், காலைலதான் சோப்பு போட்டு குளிப்பாட்டி தூக்கினு வந்தேன்" என்பார்கள். ரிஜ்வான் சிரிப்பான். சிரித்துக்கொண்டே நோட்டின் மேல் சானிடைசரும் அடிப்பான்.

கொரோனா முதல் வருஷம் அவனுக்குக் காய்ச்சல் வந்து வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். காய்ச்சல் ஆறு நாளில் போய்விட்டது. நோட்டீஸ் மட்டும் ஊர்க்காரர் கண்களிலிருந்து ஆறு மாதம் போகவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே பொம்மைக்கு விலை கேட்டார்கள். பழவேற்காட்டில் இருக்கும் அவன் மாமனார் பஸ் ஏறினால், தாடியைப் பார்த்ததும் பக்கத்து சீட் காலியானது. "இந்த நோய் எங்களால வரலங்க" என்று யாரிடம் போய்ச் சொல்வது. ரிஜ்வான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நோட்டீஸை மட்டும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். எதற்கென்று அவனுக்கே தெரியாது.

போன கோடை விடுமுறைக்கு முன்பு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சொந்தமாக ஒரு சரக்கு. 'ஜுரமே ஓடிப்போ' என்று ஒரு அட்டை விளையாட்டு. அறுபது கட்டம், இரண்டு பகடை, நாலு காய். பழைய டயரில் தேங்கிய தண்ணீர்க் கட்டத்தில் நின்றால் ஐந்து கட்டம் பின்னால். நிலவேம்புக் கஷாயம் குடித்தால் மூன்று கட்டம் முன்னால். சிவப்புக் கட்டத்தில் நின்றால் ஜுரம், இரண்டு ஆட்டம் வெளியே. அந்தச் சிவப்புக் கட்டத்தின் மேல் ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கர்.

ஸ்டிக்கர் அடிக்க கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன லேபிள் யூனிட்டுக்குப் போனான். ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு 'கவனம், உடையும்' என்று லேபிள் அடிக்கிற இடம். சூப்பர்வைசர் ஜோஷ்வா அவன் கொண்டுபோன அளவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னா பாய், தபால் தலை சைஸ்ல கேக்கற. இதுக்கு தனியா டை, வெட்ற அச்சு, செய்யணும். எங்களாண்ட இருக்கறது ரெண்டே டை."

"சின்னதுல அடிச்சி குடு ஜோஷ்வா."

"சின்னதே ஒரு சாண் அகலம். பெருசு ரெண்டு சாண்."

"சரி, சின்னது. பசை எப்டி, நிக்குமா?"

"இன்னா இப்டி கேட்டுட்ட. கப்பல்ல போற பெட்டிக்கு ஒட்றது பாய். பெட்டி கிழியும், இது கிழியாது. மழை, வெயிலு எதுக்கும் அசையாது."

அப்படியாகக் கட்டத்தின் மேல் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர், பலகையில் கால்வாசியை மூடுகிற ஸ்டிக்கராக வந்து சேர்ந்தது. அதில் என்ன எழுத்து போடுவது என்று ரிஜ்வான் அதிகம் யோசிக்கவில்லை. செல்போனில் இருந்த பழைய நோட்டீஸை அப்படியே காட்டினான். சிவப்புக் கரை, நடுவில் கறுப்பு எழுத்து: 'காய்ச்சல் கண்ட வீடு. உள்ளே வராதீர். வெளியே செல்லாதீர்.' அரசு முத்திரையை மட்டும் போடவில்லை. போட்டால் ஜெயிலில் தள்ளுவார்கள் என்று பயம்.

பலகையில் ஒட்ட முடியாது என்றானதும் விதியை மாற்றினான். சிவப்புக் கட்டத்தில் நிற்பவர் தன் அறைக் கதவில் ஒட்ட வேண்டும், ஐந்து பாயிண்ட். அதோடு நின்றிருக்கலாம். ராத்திரி படுத்தபடி யோசித்து இன்னொரு விதியும் சேர்த்தான்: 'அக்கம்பக்கத்தில் உண்மையாகவே காய்ச்சல் வந்த வீட்டில் ஒட்டி மற்றவரைக் காப்பாற்றுபவருக்கு இருபது பாயிண்ட்.'

ஹஸ்னா படித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "நெஜமா ஜுரம் வந்தவங்க ஊட்ல போயி ஒட்றதா? இன்னாங்க இது."

"விழிப்புணர்வு."

"உங்களுக்கு இருக்கற விழிப்பு பத்தாதா, ஊர்ப்புள்ளைங்களுக்கும் ஊட்டணுமா."

ஆனால் விளையாட்டு ஓடியது. குழந்தைகளுக்கு ஸ்டிக்கர் என்றால் போதாதா. முப்பத்தோரு பெட்டி விற்றுப்போனது. ஒவ்வொன்றிலும் ஆறு ஸ்டிக்கர். மீதிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கவரைப்பேட்டையில் ஒரு கடைக்குக் கொடுக்கலாமென்று வைத்திருந்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் காய்ச்சலும் வந்தது. வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். அது போதாதென்று வாட்ஸப்பில் ஓர் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்: "வணக்கம் மக்களே. இது சாதா ஜுரம் கெடையாது. மர்ம ஜுரம். ஆந்திரா பார்டர் தாண்டி வந்துகினே கீது. யாரும் யாரையும் தொடாதீங்க. எனக்கு உள்ள இருந்து தகவல்." எதற்கு உள்ளே இருந்து என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ரிஜ்வான் அதை நாலு தடவை கேட்டான். மறுநாள் முதல் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு கடை திறந்தான்.

வியாழக்கிழமை மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. பதினோரு மணி இருக்கும். பூமிகா குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பத்து வயசு. கடைக்குப் பின்னால் வரிசையாகப் பத்து ரூம் கட்டி, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் திலகவதியின் மகள். எல்லாவற்றையும் சட்டப்படி செய்கிற பிள்ளை. தாயம் விளையாடினால் கூட அழுகுணி ஆடுகிறவர்களை விடமாட்டாள்.

"அங்கிள், ஒரு டவுட்டு."

"கேளு பாப்பா. அங்கியே நின்னு கேளு."

"இருவது பாயிண்ட் ஸ்டிக்கர் ஒட்னா எத்தினி நாள் கழிச்சி எடுக்கணும்? ரூல் பேப்பர்ல அத்த போடல."

ரிஜ்வான் பலூன் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். கை நின்றது.

"எந்த ஊட்ல ஒட்ன?"

"காயத்ரி அக்கா ஊட்ல. மூணாவது ரூமு. அவங்களுக்கு ஜுரம் இருந்துச்சி, அதான். செவ்வாக்கெழமை சாயந்தரம் ஒட்னேன். எல்லாரையும் காப்பாத்திட்டேன் அங்கிள். யாருமே அந்தப் பக்கம் போறதில்ல."

"அந்த அக்கா வெளிய வந்தாங்களா?"

"இல்ல. அதுலயே போட்டிருக்கே, வெளியே செல்லாதீர்னு."

காயத்ரியை அவனுக்குத் தெரியும். எட்டு மாசம் வயிறு. போன வாரம்தான் வந்து ஒரு கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பொறந்தப்பறம் வாங்கிக்கறேண்ணா, இப்பவே வாங்கக் கூடாதுன்றாங்க" என்று திரும்ப வைத்தாள். புருஷன் விமல் ரோலிங் மில்லில் ஃபிட்டர். கம்பெனி மெஷினோடு நெல்லூருக்குப் போய் நாலு நாளாகிறது. ஆக, செவ்வாய் சாயங்காலம் முதல் அந்த ரூமுக்குள் அவள் ஒருத்தி.

போக வேண்டும். யாரையாவது அனுப்பலாமா என்று யோசித்தான். அனுப்புவதென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தான். அவளுக்கு வந்திருப்பது அந்த மர்ம ஜுரமாகவே இருந்தால் என்று யோசித்தான். அந்த மூன்று யோசனைக்குள் பூமிகா குடையைச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெறிக்க விட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாக ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

லைன் வீட்டு கேட்டிலேயே திலகவதி பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தாள்.

"பாய், அந்தாண்ட போவாத. மூணாவது ரூம்ல ஒட்டிட்டு பூட்டாங்க."

"யாரு ஒட்னது? பாத்தீங்களா அக்கா?"

"கவருமெண்ட்டு ஆளுதான். நம்மள கேட்டுகினா ஒட்டுவான். திங்கக்கெழமை காய்ச்சல் முகாம்ல அந்தப் பொண்ணு ரத்தம் குடுத்துச்சி. ரிசல்ட்டு வந்திருக்கும், ஒட்டியிருப்பான்."

"சாப்பாடு?"

திலகவதி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "நேத்து காலைல ரெண்டு இட்லி வாசல்ல வெச்சேன். எடுக்கல. காக்கா தின்னுட்சி. நானும் ஒத்தப் புள்ளய வெச்சினுகீறேன் பாய், இன்னா செய்யறது. நேத்து ராத்திரி இருமறா மாதிரி சத்தம் கேட்டுச்சி. இன்னிக்கி அதுவும் இல்ல."

அவளுக்குப் பின்னால் பூமிகா வந்து நின்றாள். ரிஜ்வானைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

கேட்டிலிருந்து மூன்றாவது ரூமுக்கு இருபது அடி இருக்கும். முதல் இரண்டு ரூம்காரர்களும் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்திருந்தார்கள். மூன்றாவது ரூமுக்கு முன்னால் சுண்ணாம்பால் யாரோ கோடு போட்டிருந்தார்கள், மழையில் பாதி கரைந்திருந்தது. நீலக் கதவின் நடுவில் அவனுடைய ஸ்டிக்கர். இரண்டு நாள் சாரலுக்கு ஓரம் கூடச் சுருங்கவில்லை. ஜோஷ்வா சொன்னது சொன்னபடி.

அதைப் பார்த்ததும் ரிஜ்வானின் கால்கள் நின்றுவிட்டன. தான் எழுதியது, தானே அச்சடித்தது, தானே பெட்டியில் போட்டு விற்றது. எல்லாம் தெரிந்தும் அந்த எழுத்தைப் படிக்கப் படிக்கப் பின்னால் நகரத்தான் தோன்றியது. 'உள்ளே வராதீர்.' அவனுக்கே இப்படியென்றால் மற்றவர்களைச் சொல்வானேன்.

"காயத்ரி" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று இன்னொரு தடவை கூப்பிட்டான். உள்ளே ஒரு சொம்பு உருளும் சத்தம் கேட்டது.

கோட்டைத் தாண்டினான். ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தான். பெயிண்ட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. பின்னால் திலகவதி, "பாய், கேஸாயிடும், கவருமெண்ட்டு சமாச்சாரம்" என்று கத்திக்கொண்டிருந்தாள். பிய்த்ததைச் சுருட்டிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு கதவைத் தள்ளினான். தாழ் போடவில்லை. இரண்டு நாளாகத் திறந்தே கிடந்த கதவு.

பாயில் சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவனைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"வராதீங்கண்ணா. ஒட்டிட்டாங்க."

"யாரும் ஒட்டல மா. அது... அது வெளையாட்டு சாமான். என் கடைல விக்கறது."

அவளுக்குப் புரியவில்லை. "பிளட்டு குடுத்தேன்ல, அந்த ரிசல்ட்டுண்ணா. அவருகிட்ட சொல்லிடாதீங்க. கம்பெனில தெரிஞ்சா கேட்டுக்குள்ள உட மாட்டாங்க. சாதா ஜுரம்னுதான் போன்ல சொல்லி வெச்சிருக்கேன்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, காலைல இருந்து வயித்துல அசையவே இல்ல."

ரிஜ்வான் வெளியே ஓடினான். ரோட்டில் நின்ற சரவணனின் ஆட்டோவைக் கூப்பிட்டான். சரவணன் எட்டிப் பார்த்து, "மூணாவது ரூமா? மன்னிச்சிக்கோ பாய், எனக்கு ரெண்டு பசங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். திலகவதி சேருக்குப் பின்னால் நின்று சேரைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு கை புடிங்க. அது கவருமெண்ட்டு ஒட்னது இல்ல. என் கடை ஸ்டிக்கரு. உங்க பாப்பா வாங்கினு போன வெளையாட்டுல இருந்தது."

திலகவதி திரும்பி மகளைப் பார்த்தாள். பூமிகா உதட்டைக் கடித்துக்கொண்டு, "ரூல்லதான் போட்டிருந்துச்சி மா" என்றாள். திலகவதி சேரை விட்டாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ரூமுக்குள் போனாள்.

கடைக்குச் சரக்கு ஏற்றுகிற தன் ஆம்னி வண்டியை ரிஜ்வான் கொண்டுவந்து நிறுத்தினான், பின்னால் இடமில்லை. கவரைப்பேட்டைக்கு வைத்திருந்த பெட்டிகளை மழையிலேயே கீழே தள்ளினான். மூலையில் மாட்டிக்கொண்ட ரப்பர் வாத்துப் பொம்மைகளை எடுக்க நேரமில்லை. ஹைவேயின் ஒவ்வொரு பள்ளத்திலும் அவை கீச் கீச்சென்று கத்தின. காயத்ரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த திலகவதி, "கண்ணத் தொற மா, தூங்காத மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ரிஜ்வானின் மாஸ்க் மூன்றும் எங்கே எப்போது கழன்று விழுந்தன என்று அவனுக்குத் தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வயிற்றின் மேல் கருவியை வைத்தாள். கரகரவென்று ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத மாதிரி சத்தம். இடது பக்கம் நகர்த்தினாள். கரகர. கீழே நகர்த்தினாள். கரகர. திலகவதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கதவுக்கு வெளியே நின்ற ரிஜ்வான் தனக்குத் தெரிந்த துஆவை எல்லாம் வரிசை மாற்றி ஓதிக்கொண்டிருந்தான். மறுபடியும் வலது பக்கம். கரகரவுக்கு அடியில் எங்கோ தூரத்தில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"கெடைக்குது" என்றாள் நர்ஸ். "ஸ்லோவா இருக்கு. இருந்தாலும் கெடைக்குது."

டெங்கு. தட்டணுக்கள் ரொம்ப இறங்கியிருந்தன. உடம்பில் தண்ணீரே இல்லை. டாக்டர் அம்மா வெளியே வந்து அவனைத்தான் வீட்டு ஆள் என்று நினைத்துக் கடிந்துகொண்டார். "இது கொசுவால வர்றது. பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்காது. ரெண்டு நாளா தண்ணி கூட குடுக்காம அப்படி இன்னா பண்ணிட்டு இருந்தீங்க எல்லாரும்? நாளைக்கு கூட்டினு வந்திருந்தா ரெண்டு பேரையும் நான் கியாரண்டி சொல்லியிருக்க மாட்டேன். இப்பவும் ராத்திரி தாண்டட்டும்."

நாலு மணிக்கு ஹஸ்னா போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டு முதலில் அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பொண்ணு புருஷன் வந்தா ஒண்ணும் சொல்லிக்காதீங்க. கவருமெண்ட்டு ஒட்னதுன்னே இருக்கட்டும். அந்த வருஷம் நம்மள இன்னா பேசுனாங்கன்னு மறந்துட்டீங்களா? பாய் கடைல ஜுரத்த வித்தான்னு ஆரம்பிப்பாங்க. அப்பறம் இந்த ரோட்ல நம்ம நிக்க முடியாது."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ரிஜ்வான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

விமல் வரும்போது ஐந்தரை. தகவல் கேட்டு நெல்லூரிலிருந்து யார் யார் வண்டியிலோ ஏறி வந்திருந்தான். கம்பெனி ஷூவில் சேறு. உள்ளே போய்க் காயத்ரி சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தான், பெஞ்சில் உட்காரவில்லை.

"எவன் பாய் ஒட்னது? ரிப்போர்ட்ல டெங்குன்னு கீது. டெங்குக்கு எவனாவது கதவுல ஒட்டுவானா? நாளைக்கி அந்த ஆபீஸ்ல போயி கேக்கறேனா இல்லையா பாரு. ஒட்னவன் எவன்னு தெரியட்டும், அவன் கைய..." வார்த்தை முடியவில்லை, சுவரில் குத்தினான்.

விமலின் கை ரிஜ்வானுடைய கையைப்போல் இரண்டு மடங்கு. ரிஜ்வான் நாலு புறமும் பார்த்தான். திலகவதி வார்டுக்குள் இருந்தாள். வராண்டாவில் யாரும் இல்லை. சொல்லாமல் போனால் விமல் நாளை யாரோ ஒரு சுகாதார ஊழியரின் சட்டையைப் பிடிப்பான். ரிஜ்வான் சட்டைப் பைக்குள் கையை விட்டு, சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பந்தைப் பிரித்து நீட்டினான். நீலப் பெயிண்ட் அதன் முதுகில் பத்தை பத்தையாக இருந்தது.

"ஆபீசுக்குப் போவாத விமல். இது நான் அடிச்சது. வெளையாட்டுப் பெட்டில போட்டு வித்தேன். ஜுரம் வந்த ஊட்ல ஒட்னா இருவது பாயிண்ட்டுனு நான்தான் எழுதனேன். கொழந்த அத்த படிச்சிட்டு ஒட்டிட்சி. கொழந்த மேல தப்பில்ல."

சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது விமல் ஸ்டிக்கரைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக, இரண்டு தடவை.

"பெட்டிக்கு எத்தினி பாய்?"

"ஆறு."

"எத்தினி பெட்டி வித்த?"

"முப்பத்தொண்ணு."

விமல் மனசுக்குள் பெருக்கினான். அவன் முகம் மாறியது. கோபம் போய் அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தது. ரிஜ்வானுக்கு அதை நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

"ஊர் பூரா ஜுரம் பாய். ஊட்டுக்கு ஊடு படுத்துனுகீறாங்க. இது இன்னும் எந்தெந்தக் கதவுல கீதுன்னு உனுக்குத் தெரியுமா?"

ரிஜ்வான் விரலை மடக்கி, யார் யார் வாங்கினார்கள் என்று எண்ணிப் பார்த்தான்.

மறுநாள் காலை காயத்ரி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள் என்று திலகவதி போனில் சொன்னாள். குழந்தை உதைக்கிறதாம். ரிஜ்வான் கடை வாசலில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தான்: 'ஜுரமே ஓடிப்போ விற்பனை நிறுத்தம். வாங்கியவர்கள் ஸ்டிக்கரோடு திருப்பித் தரவும். கதவில் ஒட்டியிருந்தால் அது பொய், உள்ளே போய்ப் பார்க்கவும்.' மீதிப் பெட்டிகளிலிருந்த ஸ்டிக்கரை எல்லாம் ஹஸ்னா கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். அவனோடு பேசவில்லை, ஆனால் வெட்டினாள்.

ஷிப்ட் விட்டு வந்தவர்கள் படித்தார்கள். "இன்னா பாய், ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சி?" ஒவ்வொருவருக்கும் ரிஜ்வான் முழுசாகச் சொன்னான். முதலிலிருந்து, இருபது பாயிண்ட் உட்பட. ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார். ஒருவர், "எனுக்கு அப்பவே தெரியும்" என்றார். ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய், பையன் பீரோவில் ஒட்டியிருந்ததைப் பீரோ பெயிண்ட்டோடு கொண்டுவந்து கொடுத்தார்.

வருகிறவர்களுக்காகக் காத்திருந்தால் ஆகாது என்று மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்தான். யார் யார் வாங்கினார்கள் என்று ஹஸ்னா ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட காகிதம் பையில். புதுவாயல் முடித்து, கவரைப்பேட்டை ஸ்டேஷன் தெரு வரை வந்தான். காய்ச்சல் வீடா, இல்லையா என்று பார்க்கவில்லை. கதவைத் தட்டினான், உள்ளே போனான், கேட்டான். சாயங்காலம் ஆவதற்குள் இருபத்தேழு பெட்டி திரும்பிவிட்டது.

இருபத்தெட்டாவது வீட்டில் ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பெட்டியா? ஸ்டிக்கரு இல்லியே பாய். எம் பசங்க ரெண்டு நாளிக்கி முன்ன எங்கயோ எடுத்துனு போனானுங்க. செங்கல் சூளையாண்ட வேலைக்கி வந்திருக்காங்களே ஒடிசாக்காரங்க, அவங்க கொட்டாய்ல யாருக்கோ ஜுரம்னு பேசிகினாங்க. அங்கதான் போயிருப்பானுங்க."

ரிஜ்வான் காகிதத்தை மடிக்கக்கூட இல்லை. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே, "சூளைக்கு எந்தப் பக்கம் போவணும்?" என்று கேட்டான்.